ஆஸ்திரியாக் கவுனும் குளத்தூர் மாமாவும்

ஒரே நாளில் பத்துப் பெண்களை விதவையாக்கிய பாவி நான். அதில் ஒன்பது பேர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், பத்தாவது ஆள் நானே. (போலீஸ் கேஸ் ஒன்றும் ஆகவில்லை, பயப்படாமல் படியுங்கள்.) எங்களில் ஒருத்திக்கும் புருஷன் கிடையாது. ஆனாலும் கோவில்பட்டியில் ஊரே திரண்டிருந்த ஒரு விழாவில், மைக் வைத்து, அது அறிவிக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் காரணம் என் கைத்திறமை மேல் எனக்கிருந்த கொழுப்பு.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்திரண்டு வயது. ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தேன். டீச்சர் என்றால் பாதி டீச்சர்தான். என் வேலை உத்தரவில் 'தற்காலிகம்' என்று ஒரு வார்த்தை இருந்தது. அந்த ஒரு வார்த்தையை எங்கள் அப்பா விடாமல் பிடித்துக்கொண்டார்.

அப்பா பருத்தி அரைக்கிற ஜின்னிங் ஆலையில் எடை போடுகிறவர். வீட்டிலும் எதையும் தராசில் வைத்துத்தான் பேசுவார். ஒரு தட்டில் என் வேலை, மறு தட்டில் குளத்தூர் மாமா.

குளத்தூர் மாமா என் அம்மாவுடைய தம்பி. பெயர் சங்கரலிங்கம். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், உப்பளத்தில் மேஸ்திரி. வெட்டவெளியில் தூரத்தில் நிற்கிற ஆட்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருக்குத் தொண்டையே அப்படி ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் உட்கார்ந்து அவர் தண்ணீர் கேட்டால் அடுத்த வீட்டுக்காரி செம்போடு எட்டிப் பார்ப்பாள். வரும்போதெல்லாம் ஒரு பொட்டலம் கருவாடும் ஒரு பை உப்பும் கொண்டுவருவார். நல்ல மனுஷன். ஒரு வம்புதும்புக்குப் போனவர் இல்லை. ஆனால் சின்ன வயதில் என் மூக்கைச் சிந்திவிட்ட ஆளைப் புருஷன் என்று நினைக்க எனக்கு ஏலவில்லை. தாய்மாமன் உரிமை என்று ஊர் முழுக்கப் பேசிக்கொண்டார்கள், என்னிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. (அவரிடமும் யாரும் கேட்கவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.)

"இந்த ஆண்டுவிழா முடியவும் உன் வேலைய நிரந்தரம் பண்ணிட்டாவன்னா சரி, நீ உன் இஷ்டத்துக்கு இரு. நான் வாயத் தெறக்கல," என்றார் அப்பா. "பண்ணலேன்னா வைகாசில சங்கரலிங்கத்துக்கும் உனக்கும் கல்யாணம். பேச்சு முடிஞ்சிட்டு."

"அவன் என்ன வேத்தாளா ஏட்டி? எந் தம்பிதான?" என்று அம்மா கூடச் சேர்ந்துகொண்டாள்.

அந்த வேலையை நிரந்தரம் பண்ணவேண்டியவர் எங்கள் செக்ரட்டரி அண்ணாச்சி. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி, பள்ளிக்கூடத்தையும் அவர்தான் நடத்தினார். அந்த வருஷம் ஊரில் ஒரு நூல் மில்லுக்கு ஆஸ்திரியா தேசத்திலிருந்து புது மெஷின்கள் வந்து இறங்கியிருந்தன. அதை மாட்டிக் கொடுக்க ஒரு இன்ஜினீயரும் வந்திருந்தார். கூடவே அவர் சம்சாரம் ஹில்டா அம்மா. ரோஜாப்பூ நிறத்தில் வந்த அந்த அம்மா எங்கள் வெயிலில் இரண்டே வாரத்தில் செம்பருத்தி நிறத்துக்கு வந்திருந்தாள். அவளைத்தான் ஆண்டுவிழாவுக்கு விருந்தாளியாகக் கூப்பிட்டிருந்தார் அண்ணாச்சி.

"எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் மாலை போடுதான், சந்தனம் குடுக்கான். நம்ம வித்தியாசமா என்ன செய்யுதோம்?" என்று டீச்சர்கள் எல்லாரையும் வரவழைத்துக் கேட்டார்.

அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. மெஷின் கம்பெனிக்காரர்கள் கொடுத்தது. மாசத்துக்கு ஒரு பெண், அவளவள் சீமை உடுப்பில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் நாக்கு சும்மா இருந்திருக்கலாம்.

"அண்ணாச்சி, இந்த உடுப்ப நான் தச்சிருதேன். அவிய ஊரு உடுப்புல நம்ம பிள்ளைக கும்மி அடிச்சா எப்படி இருக்கும்?"

"தைக்க முடியுமா டீச்சர்? பாத்தா பெரிய வேலையால்லா தெரியுது?"

"இதுல என்ன அண்ணாச்சி இருக்கு? ஒரு பாவாடை, ஒரு ரவிக்கை. முன்னால ஒரு அடுப்படித் துணி. அம்புட்டுதான்."

அண்ணாச்சிக்குப் பெரிய சந்தோஷம். "நல்லபடியா முடிச்சுக் குடுங்க. அன்னைக்கு மேடைல வச்சே உங்க வேலை நிரந்தரம்னு சொல்லிப்புடுதேன்," என்றார். காலண்டரைக் கழற்றி என் கையிலேயே கொடுத்துவிட்டார். நான் அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகவில்லை, பறந்துதான் போனேன்.

மறுநாள் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவும் நானும் காலண்டரை மேஜையில் விரித்து உட்கார்ந்தோம். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் இருந்த எழுத்தை அவர்கள் கூட்டிக் கூட்டிப் படித்தார்கள். இந்த உடுப்புக்கு டிர்ண்டில் என்று பேராம். ஒரே தேசம்தான், ஆனால் மலைக்கு மலை உடுப்பு வேறு. நான் சொன்ன கணக்கு முழுத் தப்பும் இல்லை. உள்ளே பஃப் கை வைத்த வெள்ளை ரவிக்கை, அதற்கு மேலே உடம்பைப் பிடித்தாற்போல் கையில்லாத ஒரு பாடி, அதோடு சேர்த்துத் தைத்த கொசுவப் பாவாடை, முன்னால் இடுப்பில் கட்டுகிற முன்துணி. இவ்வளவும் எல்லாருக்கும் பொது. மற்றதெல்லாம் சீமைக்குச் சீமை மாறியது.

ஸ்டைரியா என்று ஒரு பக்கம். அந்தப் பெண் பச்சைப் பாடி, ரோஸ் பாவாடை, கத்தரிப்பூக் கலர் முன்துணி என்று நின்றாள். (எங்கள் திங்கட்கிழமைச் சந்தைக்கு இப்படியே வந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அத்தனையும் நம்ம கலர்.) கரிந்தியாக்காரிக்குப் பாவாடை முழங்காலைத் தாண்டினதும் நின்றுவிட்டது, கீழே வெள்ளைக் காலுறை. டிரோல் பெண்ணுக்குத் தலையில் அகலமான கறுப்புத் தொப்பி. டானூப் ஆற்றுப் பக்கத்துக்காரிக்குத் தலையில் தங்க ஜரிகைக் குல்லா. மேற்குக் கோடியில் போரார்ல்பெர்க் என்று ஒரு சீமையாம். அங்கே தலையிலிருந்து கால்வரை கறுப்பு, பளபளவென்று விறைத்த துணி, அதில் எண்ணமுடியாத அளவுக்குச் சின்னச் சின்ன மடிப்பு.

"டீச்சர், இந்தக் கழுத்து?" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா மெதுவாக ஜூலை மாசத்தைக் காட்டினார்கள். ஜூலையைப் பார்த்தேன். ஆகஸ்ட் அதற்கும் மேலே, அதாவது கீழே. இரண்டு மாசத்தையும் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கிழித்து டிராயருக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்கள். மீதிப் பத்து மாசத்துக்குப் பத்துப் பெண்கள் என்று முடிவாயிற்று. (அந்த வருஷம் அண்ணாச்சி ஆபீசில் ஜூனுக்குப் பிறகு நேரே செப்டம்பர்தான்.)

அடுத்த தடை தாவணி. பெரிய மனுஷியான பிள்ளைகள் தாவணி இல்லாமல் மேடையில் நிற்பதாவது? ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா டிர்ண்டிலுக்கு மேலே தாவணி போட்டே ஆகவேண்டும் என்றார்கள். நல்லவேளை, நவம்பர் மாசத்துக்காரி என்னைக் காப்பாற்றினாள். அவள் குஞ்சம் வைத்த ஒரு பட்டுத் துண்டைத் தோளைச் சுற்றிப் போட்டு மார்புக்குள் செருகியிருந்தாள். "பாருங்கம்மா, அங்கயும் தாவணி இருக்கு, கொஞ்சம் குட்டை," என்றேன். பத்துப் பேருக்கும் தோள்துண்டு, பத்துப் பேருக்கும் கழுத்துவரை ரவிக்கை, கணுக்கால்வரை பாவாடை என்று சமாதானம் ஆனது. கரிந்தியாக்காரிக்கும் சேர்த்துத்தான். காலுறை கேட்ட இடத்திலெல்லாம் இல்லை என்றார்கள், அதனால் அதுவும் நல்லதுக்கே.

போரார்ல்பெர்க்குக்குக் குடைத்துணி வாங்கினேன். தங்கக் குல்லாவுக்கு அட்டையும் ஜிகினாத் தாளும். டிரோல் தொப்பிக்கு ஒரு ஓலைக் கொட்டானைக் கவிழ்த்து, அட்டையில் வட்டம் வெட்டி ஓரம் ஒட்டி, கறுப்பு மை பூசினேன். பாடி விறைப்பாக நிற்க உள்ளே பக்ரம் துணி கொடுத்தேன். ராவும் பகலும் மிதித்ததில் என் தையல் மெஷினுக்கே மூச்சு வாங்கியது.

இப்போது குற்றத்துக்கு வருகிறேன். முன்துணியின் நாடாவை அந்தப் பெண்கள் எல்லாரும் பூப்போல முடிச்சுப் போட்டிருந்தார்கள். ஆனால் ஒருத்திக்கு அது இடுப்பின் இந்தப் பக்கம், இன்னொருத்திக்கு அந்தப் பக்கம். படத்துக்குப் படம் மாறியது. நான் என்ன நினைத்திருக்கவேண்டும்? ஏதோ காரணம் இருக்கும், ஹில்டா அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று நினைத்திருக்கவேண்டும். அவள் மில் பங்களாவில்தான் இருந்தாள், கூப்பிடு தூரம். நான் நினைத்தது இது: 'ஒரு ஒழுங்கு வேண்டாமா இவர்களுக்கு? தையல் தெரிந்த ஒருத்திகூடவா அந்த ஊரில் இல்லை?'

கவுனுக்கு நாடா என்றால் பின்னால்தான் கட்டவேண்டும். இது கோவில்பட்டியில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். தீபாவளிக் கவுன் எடுத்தால் அம்மாமார் முதலில் பிள்ளையைத் திருப்பி நிறுத்தித்தான் முடிச்சைப் பார்ப்பார்கள். முடிச்சு பெரிசாக இருந்தால் நல்ல தையல்காரர். ஆகவே ஆஸ்திரியாவைத் திருத்தி எழுதினேன். பத்து முன்துணிக்கும் நாடாவைக் கஞ்சி போட்டு விறைத்து, முதுகுப்புறம் கொண்டுபோய், ஒரு முழ அகலத்துக்குப் பூ முடிச்சுப் போட ஏற்பாடு செய்தேன். அழகென்றால் அழகு, அப்படி ஒரு அழகு.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பத்தாம் வகுப்பு செல்வமணிக்கு அம்மை போட்டுவிட்டது. ஸ்டைரியா பச்சை-ரோஸ்-கத்தரிப்பூ அவளுக்குத் தைத்தது. பள்ளிக்கூடத்திலேயே உயரமான பிள்ளை. அந்த உடுப்பு வேறு யாருக்குப் போட்டாலும் தரையைக் கூட்டியது. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"டீச்சர், நீங்களே போட்டுக்கிடுங்க."

"ஐயையோ, நானா? எங்க அப்பா கொன்னே போட்ருவாவ!"

"கும்மி பத்துப் பேருக்குத்தான் பழகியிருக்கு. ஒன்பது பேர்னா வட்டத்துல ஓட்டை விழும். அண்ணாச்சி உங்க வேலையப் பத்தி யோசிச்சுக்கிட்டு இருக்காங்க, ஞாபகம் இருக்கட்டும்."

ஞாபகம் இல்லாமலா? போட்டுக்கொண்டேன்.

விழா அன்றைக்குத் திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன். முன்வரிசையில் நடுவில் ஹில்டா அம்மா, அவள் புருஷன், அண்ணாச்சி. அதே வரிசையில் ஓரத்தில் எங்கள் அப்பா, அம்மா, அவர்களுக்குப் பக்கத்தில் குளத்தூர் மாமா! சலவை வேட்டி கட்டி, நாற்காலிக்கடியில் கருவாட்டுப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். வைகாசியில் நல்ல நாள் பார்க்கவென்று அப்பா அவரை வரச்சொல்லியிருந்தாராம். என் வேலை மேல் அப்பாவுக்கு அவ்வளவு நம்பிக்கை.

திரையைத் தூக்கினார்கள். நாங்கள் வரிசையாக வந்து கும்பிட்டதும் ஹில்டா அம்மா இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு "ஓ! ஓ!" என்றாள். ஒவ்வொரு உடுப்பாகக் காட்டிப் புருஷனிடம் ஊர் பேர் சொன்னது எனக்கே கேட்டது. டிரோல்! போரார்ல்பெர்க்! குடைத்துணியைக்கூடக் கண்டுபிடித்துவிட்டாள். அண்ணாச்சி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்த ஒரு நிமிஷம் நான் நிரந்தரமாக இருந்தேன்.

பிறகு கும்மி ஆரம்பித்தது. கும்மி என்றால் வட்டமாக நின்று உள்ளே பார்த்துத்தானே அடிக்கவேண்டும்? சபைக்கு முதுகுதான் தெரியும். விறைத்த பூ முடிச்சு, ஒன்று போனால் இன்னொன்று, வரிசையாக ஹில்டா அம்மா கண்முன்னே சுற்றி வந்தது.

நான் அந்தப் பக்கம் சுற்றி வந்தபோது பார்த்தேன். அவள் முகத்தில் சிரிப்பு நின்றுபோயிருந்தது. அடுத்த சுற்றில் வாயைக் கையால் பொத்தியிருந்தாள். அதற்கடுத்த சுற்றில் விரலை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கைக்குட்டையை எடுத்து மூஞ்சியில் வைத்துக்கொண்டு குலுங்கினார். எங்கள் டிரோல்காரிக்கு வியர்வையில் தொப்பி மை கரைந்து நெற்றியில் வடிந்ததால்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்படியாவது இருந்திருக்கலாம்.

கும்மி முடிந்ததும் ஹில்டா அம்மா விறுவிறுவென்று மேடைக்கு ஏறி வந்தாள். என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். உடுப்பெல்லாம் அருமை என்றாள். அப்புறம் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா காதில் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். அவர்கள் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! ஆனால் கடமை தவறாத மனுஷி. மேடையில் விருந்தாளி எதைச் சொன்னாலும் மொழிபெயர்க்கவேண்டும் என்பது அவர்களுக்கு இடப்பட்டிருந்த வேலை. மைக்கைப் பிடித்தார்கள்.

"அம்மையார் சொல்கிறார்கள். அவர்கள் ஊர்ப்பக்கம் இந்த முடிச்சுக்கு அர்த்தம் உண்டாம். வலது பக்கம் போட்டால் கல்யாணம் ஆனவர், அல்லது நிச்சயம் ஆனவர். இடது பக்கம் என்றால் கல்யாணம் ஆகாதவர். சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால் நடுவில். பின்னால் போட்டால்..."

இங்கே ஒரு செருமல்.

"பின்னால் போட்டால் ஹோட்டலில் பரிமாறுகிறவர். அல்லது, விதவை."

அப்புறம் ஒரு தாயார் எழுந்தாள் பாருங்கள், தங்கக் குல்லாக்காரியின் அம்மா.

"எம் பிள்ள வயசுக்கே வரல! அதுக்குள்ள தாலி அறுத்துட்டியேளே பாவிகளா!" என்று அழுதுகொண்டே மேடையைப் பார்த்து ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து தாய்மார் ஓடிவந்தார்கள்.

"ஏட்டி, அவுத்துப் போடுட்டி அந்தக் கருமத்த!"

"தையல் டீச்சர் எங்க? எங்க அவ?"

அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இது முன்னே ஆட்டிய ஆட்டல் இல்லை. என் வேலை அந்த இடத்திலேயே கைநழுவிப் போனது எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவும் பார்த்தார். அவர் தராசின் மறு தட்டு தரையைத் தட்டியது.

ஹில்டா அம்மா பதறிப்போனாள். தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு. சட்டென்று முழங்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, முதுகு முடிச்சை அவிழ்த்து முன்னால் கொண்டுவந்து நடுவில் பூப்போலக் கட்டிவிட்டு, கன்னத்தில் தட்டினாள். தாய்மார் மூச்சுவிட்டார்கள். ஒன்பது பிள்ளைகளுக்கும் வாழ்வு திரும்ப வந்தது.

கடைசியில் நான். என் முடிச்சை அவிழ்த்து, நாடாவின் இரண்டு நுனியையும் கையில் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்து ஏதோ கேட்டாள். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா அப்போதாவது மைக்கை விட்டார்களா? இல்லையே.

"டீச்சருக்கு எந்தப் பக்கம் கட்டவேண்டும் என்று கேட்கிறார்கள். நிச்சயம் ஆகிவிட்டதா, இல்லையா?"

"ஆயிட்டு!" என்று எங்கள் அப்பா முன்வரிசையில் எழுந்தே நின்றுவிட்டார். "வைகாசில கல்யாணம்! மாப்பிள்ளை இந்தா இருக்காரு! வலது பக்கம் கட்டச் சொல்லுங்க!"

கூட்டம் மொத்தமும் மாமாவைத் திரும்பிப் பார்த்தது. அவர் கருவாட்டுப் பொட்டலத்தைக் காலால் இன்னும் உள்ளே தள்ளிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா அப்பா சொன்னதை இங்கிலீஷில் சொன்னார்கள். ஹில்டா அம்மா அப்பாவைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்தாள், நாடா இன்னும் அவள் கையில். சொல்லு, உனக்கு எந்தப் பக்கம் என்று புருவத்தைத் தூக்கினாள். இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் இதைக் கேட்ட முதல் மனுஷி அவள்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"லெஃப்ட்," என்றேன்.

என் வாழ்நாளிலேயே நான் பேசிய தைரியமான பேச்சு அதுதான். அதையும் கொசுவுக்குக்கூடக் கேட்காத குரலில் பேசினேன். அவளுக்கு மட்டும் கேட்டது. லேசாகச் சிரித்து, என் இடது இடுப்பில் அழுத்தமாக ஒரு பூ முடிச்சுப் போட்டுவிட்டு, என் தோளைப் பிடித்துச் சபையைப் பார்த்துத் திருப்பினாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்பா கத்துவார், அம்மா மாரில் அடித்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன்.

கைதட்டல் கேட்டது. சும்மா கைதட்டல் இல்லை, கொட்டகையே அதிர்ந்தது. விசில் அடித்தார்கள். கண்ணைத் திறந்தால் அப்பா துண்டால் கண்ணைத் துடைக்கிறார். அம்மா எனக்குக் கைகாட்டி நெட்டி முறிக்கிறாள். ஹில்டா அம்மாவுக்குப் போட்டது போக மீதியிருந்த மாலையை அண்ணாச்சி எடுத்து மாமா கழுத்தில் போடுகிறார். வரவேற்புக்கு வந்திருந்த பேண்டுக்காரர்கள் கல்யாண மெட்டை எடுத்துவிட்டார்கள்.

ஒரு நிமிஷம் எனக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. இவ்வளவு தைரியமாக மறுத்ததற்கா இந்தக் கொண்டாட்டம்? பிறகுதான் உறைத்தது. என் இடது பக்கம், எதிரே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு வலது பக்கம்! கல்யாணம் வேண்டாம் என்று ஊர் கூட்டிச் சொல்லப்போய், அதே ஊர் முன்னிலையில் எனக்கு நிச்சயதார்த்தமே நடந்து முடிந்திருந்தது. தையல் டீச்சர், ஆயிரம் ரவிக்கைக்கு இடதும் வலதும் வெட்டினவள், இதை யோசிக்கவில்லை.

"இல்ல! இல்ல! இது எடது பக்கம்!" என்று கத்தினேன். பேண்டுச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? நான் கையை ஆட்ட ஆட்ட, வெட்கப்படுகிறேன் என்று இன்னும் தட்டினார்கள். மைக்குக்குப் போகலாமென்றால் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா அதில் மணமக்களுக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

வேறு வழி தெரியவில்லை. மேடை ஓரத்துக்கு வந்து மாமாவைப் பார்த்து, வாங்க என்று இரண்டு கையாலும் கூப்பிட்டேன். (மாலையோடு மாப்பிள்ளையை மேடைக்கு அழைக்கும் பெண்ணை அதற்கு முன்னும் பின்னும் கோவில்பட்டி பார்த்ததில்லை.) அவர் கூனிக்குறுகி ஏறி வந்தார். பேண்டுக்காரர்கள் வாசிப்பை நிறுத்தினார்கள். மாலை மாற்றப்போகிறோமாக்கும் என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

"மாமா," என்றேன். "அங்கன இருந்து பாக்காதீங்க. எம் பக்கம் வந்து நின்னு பாருங்க."

அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் வந்தார். என் பக்கத்தில், நான் பார்க்கிற திசையையே பார்த்து நின்றார். குனிந்து முடிச்சைப் பார்த்தார். சபையைப் பார்த்தார். தன் இடது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். மறுபடி முடிச்சைப் பார்த்தார்.

"ஏட்டி பாக்கியம், இது எடது பக்கம்லா?" என்றார், அவர் தொண்டைக்கு அது ரகசியம்.

"ஆமா மாமா."

"நீயா கட்டச் சொன்ன?"

"ஆமா மாமா." அழுகை வந்துவிட்டது. "உங்க மேல ஒரு கோவமும் இல்ல மாமா. எனக்கு நீங்க மாமா மட்டுந்தான்."

மாமா எங்கள் அப்பாவைப் பார்த்துத் திரும்பினார். மைக் எதுக்கு அந்தத் தொண்டைக்கு?

"அத்தான்! அது எடது பக்கம்! பிள்ள வேண்டாங்குது!"

கடைசி வரிசைக்கும் வெளியே வண்டி நிறுத்தியிருந்தவர்களுக்கும் சேர்த்துக் கேட்டது.

"என்னடே சொல்லுத?" என்றார் அப்பா.

"எம் பக்கத்துல வந்து நின்னு பாருங்க அத்தான், தெரியும். எனக்கும் சேத்துத்தான் சொல்லுதேன். மூக்குச் சிந்திவிட்ட பிள்ளையப் போய்க் கட்டுன்னு அக்காவும் நீங்களும் சொன்னா நான் என்ன செய்ய? வேண்டாம்னு சொன்னா அக்கா அழுவாளேன்னு பேசாம இருந்தேன்."

சொல்லிவிட்டு மாலையைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் முழித்தார். பிறகு ஹில்டா அம்மா கழுத்தில் போட்டுவிட்டார். அவளுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் கை கூப்பிக் கும்பிட்டாள். முதலில் அவள் புருஷன் கைதட்டினார், அப்புறம் தங்கக் குல்லாக்காரியின் அம்மா. அவ்வளவுதான், ஊரே சிரித்துக்கொண்டு தட்டியது. நான் மாமாவின் தோளில் சாய்ந்து ஏங்கி ஏங்கி அழுதேன். டிரோல்காரி தன் கறுப்பு மை கையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்பா, "அவனும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், நீயும் சொல்லியிருக்கலாம்," என்றார்.

"நீங்களும் கேட்டிருக்கலாம்," என்றாள் அம்மா. தம்பியின் பேச்சு அவளை அசைத்திருந்தது. அத்தோடு வைகாசிப் பேச்சு எங்கள் வீட்டில் நின்றது.

மறுநாள் ஒன்பது பிள்ளைகளின் வீட்டிலும் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்களாம். அதில் பாதி உப்பு எங்கள் வீட்டிலிருந்து போனது, மாமா கொண்டுவந்த குளத்தூர் உப்பு. அண்ணாச்சி என் வேலையை நிரந்தரமும் பண்ணவில்லை, என்னை அனுப்பவும் இல்லை. ஹில்டா அம்மா தனக்கு ஒரு டிர்ண்டில் நான்தான் தைத்துத் தரவேண்டும் என்று அவரிடமே வந்து கேட்டதால் சங்கடத்தில் விட்டுவிட்டார். அதற்கப்புறம் ஏழு வருஷம் தற்காலிகமாக அங்கேயே இருந்தேன். நடுவில் எனக்குப் பிடித்த ஒருவரைக் கட்டிக்கொண்டேன். தாய்மாமன் சீர் தூக்கி வந்தவர் குளத்தூர் மாமா. தாலி ஏறினதும் பந்தலே அதிர, "ஏட்டி பாக்கியம், இப்ப முடிச்சு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். என் மாப்பிள்ளை விஷயம் தெரியாமல் தாலிக்கயிற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பாவம்.

மாமாவும் வேம்பார்ப் பக்கம் ஒரு பெண்ணைக் கட்டி, மூன்று பெண்களைப் பெற்றார். மூன்று பேருக்கும் மாப்பிள்ளை வந்தபோது ஒவ்வொரு தடவையும் ஒரே கூத்துதான் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பார்கள். மாமா அவர்களைப் பொருட்படுத்தாமல் உப்பளத்துத் தொண்டையில் கூப்பிடுவார்: "ஏ பாக்கியம்! உள்ள போயி அவ பக்கம் நின்னு பாத்துட்டு வா!"

நானும் உள்ளே போவேன். பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்குப் பக்கத்தில், அவள் பார்க்கிற திசையைப் பார்த்து நிற்பேன். உனக்குச் சம்மதமா என்று வாயைத் திறந்து கேட்பதற்கு முன்னால், பழக்க தோஷம், குனிந்து அவளுடைய இடது இடுப்பை ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.